மழைமேல் போட்ட பழி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் சென்று கலக்கும் கன்பவுடர் ஆற்றின் கரையில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோப்பா டவுன் என்றொரு துறைமுகம் இருந்தது. பால்டிமோர் வட்டாரத்தின் தலைமையிடமாகவும் அதுவே விளங்கியது. புகையிலை ஏற்றிச் செல்லக் கடல் கடந்து கப்பல்கள் வந்தன. 1768-இல் தலைமையிடம் பால்டிமோர் நகருக்கு மாறியது. துறைமுகமும் மெல்ல மெல்லத் தூர்ந்துபோயிற்று. அந்நாளில் கப்பல்களைக் கட்டிவைத்த கல்தூண்கள், இருபதாம் நூற்றாண்டின் மண்ணரிப்பு ஆய்வாளர்கள் கண்டபோது, கப்பல் மிதக்கும் ஆழமான நீரைவிட்டு வெகுதொலைவில், நிலத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தன.

அந்தத் துறைமுகத்தைத் தூர்த்தவர் யார்? மேட்டு நிலங்களில் காட்டை அழித்துப் புகையிலை பயிரிட்டவர்கள் மண்ணைத் திறந்து வைத்தார்கள். மழை அதைக் கரைத்துக் கொண்டுபோயிற்று. ஆனால் எவர்மீதும் வழக்கில்லை. எவரும் பதில் சொல்லவும் இல்லை. பழி முழுவதும் மழையின் தலையில் விழுந்தது. மழையைக் கூண்டில் ஏற்ற முடியுமா என்ன?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் விடை தேடிய கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம். கட்டுமானத் தளங்களுக்கான மழைநீர் அனுமதி என்பது கேட்பதற்கு உலர்ந்த செய்தியாகத் தோன்றலாம். ஆனால், கரைந்துபோன மண்ணுக்கு யார் பொறுப்பு என்பதை ஒரு தேசம் முடிவு செய்ய ஏறத்தாழ முப்பதாண்டுகள் எடுத்துக்கொண்டது என்பது நம் கவனத்துக்குரியது.

மீண்டும் மேரிலாந்துக்கே வருவோம். 1960-களில் பால்டிமோரையும் வாஷிங்டனையும் சுற்றிப் புறநகர்கள் வேகமாக எழுந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் கார்டன் வோல்மன், அந்த வட்டாரத்து ஓடைகளில் ஓடிய மண்ணைக் கணக்கிட்டு 1967-இல் முடிவுகளை வெளியிட்டார். காடாக இருந்த நிலத்திலிருந்து சதுர மைலுக்கு ஆண்டுக்கு நூறு டன் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் மண் இறங்குகிறது. உழவு நிலத்தில் அது சில நூறு டன்களாகிறது. வீடு கட்டுவதற்காக வெட்டித் திறந்துவைத்த நிலத்திலோ பல்லாயிரம் டன். மிகச் சிறிய சில பரப்புகளில் அதே விகிதம் இலட்சம் டன்னையும் எட்டியது. வீடுகள் எழுந்து, சாலை போட்டு, புல் முளைத்த பிறகு மண் இறங்குவது மறுபடியும் குறைந்துவிடுகிறது. ஆக, ஆற்றைச் சேறாக்குவது அந்த இடைப்பட்ட ஓரிரண்டு ஆண்டுகளே. ஒரு மனையில் மண் திறந்து கிடக்கும் அந்தக் குறுகிய காலத்தைக் கவனித்துக்கொண்டால் போதும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். மேரிலாந்து 1970-இலேயே மாநிலம் முழுமைக்குமான மண் தடுப்புச் சட்டத்தை இயற்றியது.

வண்டல் என்றால் நம் மொழியில் அது நல்ல சொல். ஆறு கொண்டுவந்து வயலுக்கு இட்ட எரு அது. அதனால், வண்டலை மாசு என்று ஒரு சட்டம் எழுதியதைப் படிக்கையில் நமக்குச் சற்று வியப்பாக இருக்கும். ஆனால் அளவும் வேகமும் மீறும்போது, அதே வண்டல் மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடிவிடுகிறது. நீரடிப் புற்களுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது. மண்துகளோடு ஒட்டிய பாஸ்பரசையும் சுமந்து வந்து நீரைக் கெடுக்கிறது.

நாடு தழுவிய சட்டம் 1972-இல் வந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னர்தான், 1969 ஜூனில், கிளீவ்லாந்து நகரில் எண்ணெய் படர்ந்த கயஹோகா ஆறு தீப்பற்றி எரிந்தது. மக்களின் சினம் எரிந்த ஆற்றின்மீதும் ஆலைகளின்மீதும் இருந்தது. அதிபர் நிக்சன் தடுப்பாணை இட்டும், அதனை மீறிக் காங்கிரஸ் அவை 1972 அக்டோபர் 18-இல் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. குழாய், வாய்க்கால், கால்வாய் போன்ற குறிப்பிட்டதொரு வாய் வழியாக மாசை நீர்நிலையில் விடுவோர் அனைவரும் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆலையின் குழாயை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது. குழாய்க்கு உரிமையாளர் உண்டு. வாயில் நின்று அளக்கலாம். மழைநீரோ எல்லா இடத்திலும் பெய்து எல்லா வழியிலும் ஓடுகிறது.

ஆகவே, சட்டத்தைச் செயற்படுத்த வேண்டிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1973-இல் மழைநீர் வடிகால்களில் பெரும்பகுதிக்கு அனுமதியிலிருந்து விலக்களித்தது. எண்ணற்ற வாய்கள், ஒவ்வொன்றுக்கும் அனுமதி எழுத ஆளுக்கு எங்கே போவது என்பது அதன் வாதம். இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் என்னும் அமைப்பு வழக்குத் தொடுத்தது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1977-இல் அளித்த தீர்ப்பு, கடினமான வேலை என்பதற்காகச் சட்டம் தந்த கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது. தனித்தனியாக அனுமதி எழுத இயலாதென்றால், ஒரே மாதிரியான பலருக்கும் சேர்த்துப் பொது அனுமதி ஒன்றை எழுதலாமே என்றும் வழி காட்டியது. பின்னாளில் கட்டுமானத் தளங்களுக்கு வந்த அனுமதி அவ்வழியிலேயே பிறந்தது.

வழி தெரிந்தும் கால்கள் நகரப் பத்தாண்டுகள் ஆயின. 1987 பிப்ரவரியில், இம்முறை ரீகனின் தடுப்பாணையை மீறி, காங்கிரஸ் அவை மழைநீருக்கெனத் தனிப்பிரிவு ஒன்றைச் சட்டத்தில் சேர்த்தது. 1990 நவம்பரில் முகமையின் விதிகள் வெளியாயின. ஐந்து ஏக்கரும் அதற்கு மேலும் நிலத்தைக் கிளறும் கட்டுமானங்கள் அனுமதி பெற வேண்டும் என்று அவை கூறின. ஏன் ஐந்து? முகமை முதலில் முன்மொழிந்த எல்லை ஒரு ஏக்கராக இருந்தது. அதை ஐந்தாக உயர்த்தியதற்குத் தரவு எதையும் காட்டவில்லை என்று கூறி, ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் அந்த விலக்கைச் செல்லாதென்றது. இருப்பினும், ஒரு ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரையிலான மனைகளைச் சேர்க்கும் விதி 1999 டிசம்பரில்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2003-இல். 1972-இலிருந்து எண்ணினால் முப்பத்தோராண்டுகள்.

சரி, அனுமதி பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? வேலை தொடங்குமுன் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். நிலத்தின் சரிவு எந்தப் பக்கம், மழைநீர் எவ்வழி வெளியேறும், எந்தெந்த இடத்தில் எதைக்கொண்டு தடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். சரிவின் அடியில் துணிவேலி கட்டி அதன் அடிவிளிம்பை மண்ணுக்குள் புதைப்பார்கள். நீர் தேங்கி மண் படியக் குட்டை வெட்டுவார்கள். லாரி வெளியேறும் வாயிலில் சக்கரத்துச் சேறு உதிரச் சரளைக்கல் பரப்புவார்கள். கான்கிரீட் வண்டியைக் கழுவிய நீர் ஓடைக்குப் போகாமல் தனிக்குழியில் விழும். வேலை நிற்கும் நிலத்தை வெறுமனே விடாமல் வைக்கோல் பரப்பியோ புல் விதைத்தோ மூடுவார்கள். இவற்றில் பெரும் பொறியியல் எதுவுமில்லை. பழங்கால உழவன் வரப்பு கட்டியதைப் போன்ற எளிய வேலைகளே.

எளிய வேலைகளுக்கு ஒரு குறை உண்டு. அவை ஒரே மழையில் சரிந்துவிடும். துணிவேலி சாயும், குட்டை நிரம்பும், சரளை சேற்றில் புதையும். ஆகவே இந்த அனுமதியின் உயிர் ஆய்வில் இருக்கிறது. 1992-இன் முதல் அனுமதி ஏழு நாளுக்கொரு முறையும், அரை அங்குல மழைக்குப் பின் 24 மணி நேரத்துக்குள்ளும் தளத்தைச் சுற்றிப் பார்க்கச் சொன்னது. 2012 முதல் அந்த அரை அங்குலம் கால் அங்குலமானது. ஏழு நாளுக்கொரு முறை பார்ப்பது, அல்லது பதினான்கு நாளுக்கொரு முறையோடு கால் அங்குல மழைக்குப் பின்னும் பார்ப்பது என இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வேலியின் உயரத்தில் பாதியை எட்டுமுன் அங்குத் தேங்கிய மண்ணை அள்ள வேண்டும். பார்த்ததை 24 மணி நேரத்துக்குள் அறிக்கையாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். 2022-இன் அனுமதி, ஆய்வு செய்பவர் உரிய பயிற்சியோ சான்றிதழோ பெற்றிருக்க வேண்டும் என்றது. பெரும்பாலான மாநிலங்கள் தம் அனுமதியைத் தாமே எழுதுவதால், இந்த எண்கள் இடத்துக்கிடம் சற்று மாறும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாரந்தோறும் பார்த்து எழுதும் அந்த மனிதர் அரசு ஊழியர் அல்லர். கட்டுபவரிடம் ஊதியம் பெறுபவர், அல்லது கட்டுபவர் அமர்த்தியவர். அரசின் ஆய்வாளர் என்றோ ஒருநாள் வருவார். வந்ததும் அந்த அறிக்கைகளைக் கேட்பார். வேலி சாய்ந்தது என்று தன் முதலாளிக்கு எதிராகத் தானே எழுத வேண்டிய நிலையில் ஒருவரை இச்சட்டம் நிறுத்தியிருக்கிறது. அவர் நேர்மையாக எழுதினால் ஆறு பிழைக்கும். தளத்துக்குப் போகாமலேயே எல்லாம் சரி என்று எழுதினால், அத்தனை நீதிமன்றப் போராட்டமும் வெறும் காகிதமாகிவிடும்.

இந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்ததையும் வரலாறு காட்டுகிறது. பல மாநிலங்களில் கடைகள் கட்டிய தளங்களில் நடந்த மீறல்களுக்காக வால்மார்ட் நிறுவனம் 2004-இல் 31 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. 2008-இல் ஹோம் டிப்போ 13 இலட்சம் டாலரும், வீடு கட்டும் பெருநிறுவனங்கள் நான்கு சேர்ந்து 43 இலட்சம் டாலரும் செலுத்த ஒப்பின.

மனிதக் கண்ணை நம்புவதைவிட ஓர் எண்ணை நம்பினால் என்ன என்ற சிந்தனையும் எழுந்தது. 2009 டிசம்பரில் முகமை, பெரிய தளங்களிலிருந்து வெளியேறும் நீரின் கலங்கல் நாளொன்றுக்குச் சராசரியாக 280 அலகைத் தாண்டக்கூடாது என விதித்தது. கருவியை நீரில் காட்டினால் எண் தெரிந்துவிடும். அறிக்கை எழுதுபவரின் மனச்சாட்சியை எடைபோட வேண்டியதில்லை. கட்டுநர்கள் எதிர்த்தார்கள். அந்த எண்ணைப் பெற்ற கணக்கில் பிழை இருந்ததை முகமையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2011 தொடக்கத்தில் எண் நிறுத்திவைக்கப்பட்டது. 2014 மார்ச்சில் விதியிலிருந்தே நீக்கப்பட்டது.

2025 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ நகரின் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இங்கே நினைக்கத்தக்கது. நீர்நிலை இறுதியில் நல்ல தரத்தில் இருக்க வேண்டும் என்று பொதுப்படச் சொல்லி அனுமதி பெற்றவரைப் பொறுப்பாக்க முடியாது. அவர் என்ன செய்ய வேண்டுமென்பதை அனுமதியே குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்றது அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு. கட்டுமானத் தளத்துக்கும் இது பொருந்துமெனில், எஞ்சி நிற்பவை வேலி, குட்டை, சரளை, வாராந்திர நடை ஆகியவையே.

ஜோப்பாவின் கல்தூண்களுக்கு அருகே புகையிலை பயிரிட்டவர்களிடம் எவரும் கேள்வி கேட்கவில்லை. இன்று அதே மாநிலத்தில் ஒருவர் ஒரு ஏக்கர் நிலத்தைக் கிளறினால், அவர் பெயரில் அனுமதி எண் ஒன்று இருக்க வேண்டும். நள்ளிரவில் பெய்த மழைக்குப் பின் மறுநாள் யாரோ ஒருவர் சேற்றுக்காலணியோடு வேலியோரம் நடந்துபோய், சாய்ந்த இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். மழைமேல் பழி போட முடியாதபடி செய்வது அந்த ஒருவர் எழுதும் வரிகள். அவர் உண்மையை எழுதுகிறாரா என்பதை ஆற்றின் நிறம் பிறகு சொல்லிவிடும்.