பத்திரமும் பட்டாவும்: இரண்டு கணக்குகள் இணைந்த வரலாறு

தியாகதுருகம் பக்கம் இரண்டு ஏக்கர் புன்செய் வாங்கும் விவசாயிக்கு இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று பத்திரம். அது பதிவுத்துறையின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். மற்றொன்று பட்டா. அது வருவாய்த்துறையின் கள்ளக்குறிச்சி வட்டாட்சியர் அலுவலகக் கணக்கில் ஏறும். நிலம் ஒன்றுதான், கணக்கோ இரண்டு. ஒரே தகவலைப் பல கணினிகளில் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இதே சிக்கல்தான்.

காகிதக் காலம்

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம் மட்டுமே. உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. நிலம் யார் பெயரில் உள்ளது, தீர்வை யார் கட்டுவது என்பதெல்லாம் அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகிய வருவாய்க் கணக்குகளில் இருக்கும். பத்திரம் பதிவான தகவல் காகிதமாக வட்டாட்சியருக்குப் போக வேண்டும். அது எங்காவது தேங்கினால் பட்டா விற்றவர் பெயரிலேயே நிற்கும். வாங்கியவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கடினம். பழைய பட்டாவைக் காட்டி அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்கும் மோசடிக்கும் இது வழிவிட்டது.

கணினி வந்த பிறகு

2000ஆம் ஆண்டில் பதிவுத்துறைக்கு 'ஸ்டார்' திட்டம் வந்தது. வருவாய்த்துறை 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளுக்கு மாறியது. காகிதம் குறைந்தது. ஆனால் இரண்டும் தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. இவற்றை இணைக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை தகவல்களை மொத்தமாக நகலெடுத்து அனுப்புவது. எளிது, ஆனால் இடைப்பட்ட நாட்களில் கணக்கு பழையதாகவே இருக்கும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் கொட்டுவது. இரட்டைக் கணக்கு ஒழியும். ஆனால் இரு துறைகளின் சட்டங்கள், பொறுப்புகள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது, அவரவர் கணக்கை அவரவரே வைத்துக்கொண்டு, பதிவு நடந்தவுடன் செய்தியை மட்டும் அனுப்புவது. இரண்டு துறைகளுக்கு ஒரு பாலம் போதும். பத்து அமைப்புகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தால் 45 பாலங்கள் வேண்டும். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் நடுவில் ஒரு பொது மையத்தை வைக்கின்றன.

2008இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நில ஆவணங்கள் நவீனமயமாக்கல் திட்டம், பதிவையும் நிலக் கணக்கையும் இணைப்பதை ஒரு நோக்கமாக வைத்தது. தமிழகம் மூன்றாவது வழியில் சென்றது. 2018 பிப்ரவரி 12 அன்று 'ஸ்டார் 2.0' தொடங்கியது. அதன் பின், பட்டா விற்பவர் பெயரில் இருந்து, உட்பிரிவு செய்யத் தேவையில்லாத நிலங்களுக்குப் பதிவு முடிந்ததும் பட்டா தானாக மாறும் வசதி வந்தது.

எஞ்சிய சிக்கல்

இணைப்புக்கு இரு பக்கமும் ஒரே அடையாளம் வேண்டும். இங்கே அது கிராமம், புல எண், உட்பிரிவு எண். தியாகதுருகம் 1993 வரை தென்னாற்காட்டிலும், பின் விழுப்புரத்திலும், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் அதே கிராமம் என்று இரு கணினிகளும் புரிந்துகொள்ள வேண்டும். நிலத்தைப் பிரித்து விற்றால் அளவர் வந்து அளந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பணியில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிய பட்டாக்கள் பல. சரியான பதிவை நொடியில் கொண்டு சேர்க்கும் இணைப்பு, தவறான பதிவையும் அதே வேகத்தில் கொண்டு சேர்க்கும். ஆகவே நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று, பட்டா இரண்டையும் வாங்கி, புல எண்ணும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுவது இன்றும் அவசியமே.