டெபியன் பதிப்பெண் ஒழுங்கு

டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் ஒரே மென்பொருள் பல வெளியீடுகளில் ஒரே காலத்தில் புழங்குகிறது. ஒரு வெளியீட்டில் செய்த திருத்தம் இன்னொன்றின் பதிப்பெண்ணோடு மோதாமல் காக்கும் விதிமுறையே பதிப்பெண் ஒழுங்கு. டெபியன் பொதிகள் அன்ஸ்டேபிள் கிளையில் நுழைந்து, டெஸ்டிங் வழியாக, ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்டேபிள் வெளியீடாகின்றன. ஸ்டேபிளில் பாதுகாப்புக் கோளாறு தெரியவந்தால், பெரும்பாலும் புதுப் பதிப்பைத் தருவதில்லை; திருத்தத்தை மட்டும் பழைய நிரலில் சேர்க்கிறார்கள். இதற்கு பேக்போர்ட் என்று பெயர்.

சிக்கல் எண்ணில்தான். பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவி, பெரிய எண்ணையே புதியதாகக் கொள்ளும். தானாகப் பின்னோக்கிப் போகாது. எனவே டெபியன் 12-இல் இடும் திருத்தத்தின் எண், அங்கே ஏற்கெனவே உள்ளதைவிடப் பெரியதாகவும் 13-இல் உள்ளதைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். தவறினால், 13-க்கு மாறிய கணினியில் 12-க்காகக் கட்டிய பொதி அப்படியே தங்கிவிடும். மேம்பாடு நல்லபடியாக முடிந்ததாகவே பயனர் நினைப்பார்.

2014 ஏப்ரல் 7-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஹார்ட்பிளீட் ஓட்டை அம்பலமானது. மூலத் திட்டம் அதை 1.0.1ஜி பதிப்பில் அடைத்தது. அப்போதைய ஸ்டேபிளான டெபியன் 7-இல் இருந்தது 1.0.1இ. திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்து 1.0.1இ-2+டெப்7யு5 என வெளியிட்டார்கள். 'டெப்7' வெளியீட்டையும் 'யு5' அதில் இந்தப் பொதியின் ஐந்தாம் புதுப்பிப்பையும் குறிக்கும். எண்ணின் முன்பகுதியை மட்டும் பார்க்கும் ஆய்வுக் கருவிகள், அடைத்த ஓட்டையையும் திறந்திருப்பதாகவே அறிவிக்கும். நிர்வாகிகளுக்கு இது தீராத தலைவலி.

12, 13 இரண்டிலும் 2.4-3 என்ற ஒரே பதிப்பு இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. 12-க்கு மட்டும் 2.4-3+டெப்12யு1 தந்தால் அது 13-இல் உள்ளதை முந்திவிடும். ஆகவே 13-க்கும் +டெப்13யு1 தேவை. மாறாக, 13-இல் உள்ள 2.6-1 பதிப்பையே 12-க்காகக் கட்டும்போது 2.6-1~பிபிஓ12+1 என்று எழுதுகிறார்கள். ~ என்னும் டில்டே குறி, வரிசையில் வெற்றிடத்துக்கும் முன்னால் நிற்கும். அதனால் இது 2.6-1-ஐவிடச் சிறியது, மேம்படுத்தும் நாளில் தானே வழிவிடும்.

முன்பு எண்ணுக்குப் பதில் வெளியீட்டின் பெயரையே ஒட்டும் பழக்கம் இருந்தது. 2011-இன் ஸ்க்வீஸ், 2013-இன் வீஸி இரண்டும் ஆங்கில அகரவரிசையில் தற்செயலாகச் சரியாக அமைந்தன. ஆனால் 2015-இன் ஜெஸ்ஸி இரண்டுக்கும் முன்னால் போய்விடும். எண்ணை ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை; இலக்கங்கள் எண் மதிப்பாகவே ஒப்பிடப்படுவதால் 9-க்குப் பின்தான் 10.

மூலத் திட்டமே எண்முறையை மாற்றி, 20230401 என்றிருந்ததை 1.0 ஆக்கினால், கடைசி வழி எபாக். 1:1.0 என முன்னொட்டு சேர்த்தால் அது பழைய எண்கள் அனைத்தையும் வெல்லும். ஒருமுறை சேர்த்ததைப் பிறகு நீக்க முடியாது என்பதால் பராமரிப்பாளர்கள் இதற்குத் தயங்குவார்கள். கோப்புப் பெயரில் எபாக் இடம்பெறாது; எனவே 1.0-1, 1:1.0-1 இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கும்.