கார்னர் அடி வலுப்பெற்ற வரலாறு



1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய நம் மலேசியக் குழு, அரையிறுதியில் இந்தியாவை 2-1 என்று முந்தியிருந்தது. முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. மாற்றாட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் அதைக் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மேலும் ஒரு கோல் அடிக்க, மலேசியா தோற்றது. இறுதியில் நான்காம் இடம்.

அந்நாளில் கார்னர் கிடைத்தால் கோல் விழும் என்று யாரும் உறுதி கூறமுடியாது. புல்தரையில் பந்து துள்ளும். ஒருவர் அதைக் கையால் நிறுத்துவார். மற்றவர் ஓங்கி அடிப்பார். கார்னரில் ஓங்கி அடிக்கும் முதல் பந்து, கோலுக்குள் இருக்கும் பதினெட்டு அங்குலப் பலகையின் உயரத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அவ்விதிப்படி அடித்தால் பந்து தாழ்வாகத்தான் வரும் என்று கோல்காவலர் அறிந்திருப்பார்.

1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பந்து துள்ளாமல் நேராக ஓடியது, நிறுத்துவது எளிதாயிற்று. ஆனால் பெரிய மாற்றம் விதியிலிருந்த ஒரு சந்தில்தான் பிறந்தது. உயரக் கட்டுப்பாடு ஓங்கி அடிப்பதற்கு மட்டுமே. மட்டையால் தள்ளி எறிவதற்கு இல்லை! எனவே பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து, உடலின் முழு வலுவையும் சேர்த்து வீசும் ‘டிராக் ஃபிளிக்’ முறை 1990களில் பரவியது. பந்து மேல் மூலைக்கும் போகும். கீழ் மூலைக்கும் போகும். பாகிஸ்தானின் சொகைல் அப்பாஸ் அனைத்துலக ஆட்டங்களில் 348 கோல்கள் போட்டதற்குப் பெருங்காரணம் இவ்வீச்சே.

இன்று இதற்கென்றே ஓர் ஆட்டக்காரரைக் குழுக்கள் வைத்திருக்கின்றன. கோலை நோக்கி ஓடுகிறவர்கூட எதிரியின் காலில் பந்தைப் படவைத்துக் கார்னர் வாங்கப் பார்க்கிறார். இது நமக்கு அவ்வளவு பிடித்தமில்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டு ஜாகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில், இந்தியாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ரஸி ரஹிம் சமன் செய்தபோது நாமும் துள்ளினோம்! பின்னர் ஷூட்-அவுட்டில் வென்றது மலேசியா.

இவ்வீச்சைக் கற்க வழவழப்பான தரை வேண்டும். நம் தோட்டத் திடலில் பந்தை இழுத்தால் புல் பற்றிக்கொள்ளும். மேடுபள்ளத்தில் மட்டையை விட்டு விலகிவிடும். தோட்டப் பிள்ளைகளுக்குச் செயற்கைத் தரையில் ஆடும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.