பட்டறையும் பட்டமும்

(இந்தியாவில் இயந்திரப் பொறியியற் கல்வி வளர்ந்த வரலாறு)

‘மெக்கானிக்கல் எஞ்சினீயரிங்’ எனப்படும் இயந்திரப் பொறியியல் இன்று நம் இல்லங்களில் பழகிவிட்ட பெயர். பள்ளிப் படிப்பை முடிக்கும் மக்களுக்காகப் பெற்றோர் எண்ணிப் பார்க்கும் படிப்புகளுள் அதுவும் ஒன்று. ஆயினும், இக்கல்வி இந்நாட்டிற்கு எளிதில் வந்ததன்று. கால்வாய் வெட்டவும் பாலம் கட்டவும் கற்பித்த ஆங்கில அரசு, இயந்திரத்தை ஆக்கக் கற்பிப்பதற்கு நெடுங்காலம் முன்வரவில்லை. நம்மவரோ, கையில் எண்ணெயும் கரியும் படியும் தொழிலைக் கற்றோர்க்கு உரியதாக நெடுங்காலம் மதிக்கவில்லை. இவ்விரு தடைகளையும் கடந்து அக்கல்வி வேரூன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நில அளவையில் தொடங்கியது

1794-ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பார் சென்னையில் எட்டு மாணவர்களைக் கொண்டு ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். நாட்டைப் பிடித்த கும்பினியார்க்கு அதை அளக்க ஆள் வேண்டியிருந்தது. அளந்தால்தானே வரி விதிக்கலாம்! அச்சிறு பள்ளியே 1859-இல் சிவில் எஞ்சினீயரிங் கல்லூரியாக உயர்ந்து, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. வடக்கே கங்கைக் கால்வாய்ப் பணிக்கு ஆள் தேவைப்பட்டபோது 1847-இல் ரூர்க்கியில் ஒரு கல்லூரி எழுந்தது. 1854-இல் புனாவிலும் 1856-இல் கல்கத்தாவிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின. கல்கத்தாக் கல்லூரி 1880-இல் சிப்பூருக்குச் சென்றது.

இந்நான்கும் பழம்பெருமை வாய்ந்தவை. எனினும் இவை தொடக்கத்தில் கற்பித்தது மண்ணும் கல்லும் நீரும் பற்றிய பொறியியலே. பொதுப்பணித் துறைக்கு வேண்டிய உத்தியோகஸ்தர்களை ஆக்கித் தருவதே அவற்றின் கடமையாக இருந்தது. அத்துறையின் மேற்பதவிகளுக்கு ஆட்களைப் பயிற்றவோ இங்கிலாந்திலேயே கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் தனிக் கல்லூரி ஒன்றை வைத்திருந்தனர். அது 1906-இல்தான் மூடப்பட்டது.

இயந்திரம் வந்தது, கல்வி வரவில்லை

1853, ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதற் பயணி இரயில் ஓடியது. 1856, ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து புகைவண்டி புறப்பட்டது. எஞ்சின்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கின. ஆக்குவது அங்கே, ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் இங்கே என்பதே அக்காலத்து ஏற்பாடு. பழுது பார்ப்பதற்கென்று 1862-இல் பீகாரில் ஜமால்பூர் இரயில்வே பட்டறை நிறுவப்பட்டது.

அப்பட்டறைகளில் கொல்லரும் தச்சரும் வார்ப்படத் தொழிலாளரும் வேலை செய்தனர். அவர்கள் திறமைக்கு ஒரு சான்று போதும். 1895-இல் ஆஜ்மீர்ப் பட்டறையில் ஒரு முழு நீராவி எஞ்சின் செய்து முடிக்கப்பட்டது. எனவே, இந்தியர் கைகளுக்கு இயந்திரத் தொழில் வராது என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால், தொழில் அறிந்தவர்க்கு நூலறிவு கிட்டவில்லை. நூல் அறிந்தவரோ தொழிலைத் தீண்டவில்லை. சாதிப் பிரிவும் குமாஸ்தா வேலையின் கவர்ச்சியும் இப்பிளவை ஆழமாக்கின. சென்னைக் கல்லூரியில் இயந்திரப் பொறியியற் படிப்பு புகுந்தது 1894-ஆம் ஆண்டில்தான். அளவைப் பள்ளி தோன்றிச் சரியாக நூறாண்டு கழிந்திருந்தது!

நாட்டார் எடுத்த முயற்சி

அரசு தயங்கிய இடத்தில் நாட்டாரும் சுதேச சமஸ்தானமும் முன்வந்தனர். பஞ்சாலைகள் பெருகிய பம்பாயில் 1887-இல் விக்டோரியா ஜூபிலித் தொழில்நுட்ப நிலையம் நிறுவப்பட்டது. ஆலைக்கு வேண்டிய இயந்திர அறிவையும் நெசவு அறிவையும் அது புகட்டியது. 1923-இல் அந்நிலையம் மாதுங்காவுக்கு மாறியது. தமிழர் திரளாகக் குடியேறிய மாதுங்காவே அது. 1997 முதல் அது வீரமாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வங்காளத்தில் சுதேசிக் கிளர்ச்சி மூண்டபோது, அந்நியத் துணியை எரித்தால் மட்டும் போதாது, ஆக்கவும் அறிய வேண்டும் என்று தலைவர்கள் கருதினர். 1906-இல் அவர்கள் தொடங்கிய வங்காளத் தொழில்நுட்ப நிலையம் பிற்காலத்தில் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாக 1955-இல் மலர்ந்தது. மைசூர்த் திவான் விசுவேசுவரய்யா 1917-இல் பெங்களூரில் ஓர் எஞ்சினீயரிங் கல்லூரியைக் கண்டார். புனாவில் சிவில் படித்த அப்பெரியார், தம் கல்லூரியில் சிவிலோடு இயந்திரப் பிரிவையும் தொடக்கத்திலேயே சேர்த்தார் என்பது கருதத்தக்கது.

1916-இல் அமைந்த இந்தியத் தொழிற் கமிஷன் 1918-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அக்கமிஷனில் உறுப்பினராக இருந்த பண்டித மதன் மோகன மாளவியா தம் கருத்து வேற்றுமையைத் தனிக் குறிப்பாக எழுதிச் சேர்த்தார். எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1919-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் கல்லூரி திறக்கப்பட்டது. சார்லஸ் கிங் என்னும் ஆங்கிலேயர் அதன் தலைவராக அமைந்து, இயந்திரமும் மின்சாரமும் இணைந்த பட்டப் படிப்பை நடத்தினார். 1921-இல் ஜாம்ஷெட்பூரில் இரும்பாலையை ஒட்டி ஒரு தொழில்நுட்பப் பள்ளி தோன்றியது. வெளிநாட்டு நிபுணர்களின் இடத்தில் இந்தியரை அமர்த்துவதே அதன் குறிக்கோள். 1927-இல் ஜமால்பூரில் உயர்தர இரயில்வே எஞ்சினீயர்களாக இந்திய இளைஞரைப் பயிற்றும் திட்டமும் தொடங்கியது.

கை கற்ற பாடம்

இக்கல்லூரிகளில் சேர்ந்த மாணவன் கண்ட வாழ்க்கை எத்தகையது? காலையில் கணிதமும் வெப்ப இயக்கவியலும் பொருள்களின் வலிமையும் பயில்வான். பிற்பகலில் காக்கி உடை உடுத்துப் பட்டறைக்குள் புகுவான். தச்சுக் கூடத்தில் இரு மரத்துண்டுகளை இடைவெளி தோன்றாமல் பொருத்த வேண்டும். கொல்லுலையில் உருண்டைக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துச் சதுரமாக்க வேண்டும். வார்ப்படக் கூடத்தில் ஈர மணலில் அச்செடுத்து உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். கடைசல் எந்திரத்தில் இரும்புத் தண்டைக் குறித்த அளவுக்குக் கடைய வேண்டும்.

இவை எல்லாவற்றினும் பொறுமையைச் சோதிப்பது அரம் பிடிக்கும் வேலையே. ஓர் இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து, அரத்தால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பிறகு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான். கைகள் கொப்புளிக்கும், ஆனால் அரைமில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடும். தாளில் ஒரு கோடு இழுப்பது எளிது; அக்கோட்டை இரும்பில் கொணர ஒரு தொழிலாளி எத்துணை பாடுபடுகிறான் என்பதை அறிந்த பின்னரே வரைபடத்தில் அளவு குறிக்கும் தகுதி வருகிறது. பட்டறை கற்பித்த பெரும்பாடம் இதுவே. அங்கே கற்றுக் கொடுத்தவர் பெரும்பாலும் பட்டம் பெறாத மேஸ்திரி. கல்வி பெற்ற இளைஞன் தொழிலாளியை ஆசானாக ஏற்று வணங்கிய இடம் அது.

இப்பட்டறைக் கதவு பெண்களுக்கும் திறந்த வரலாறு மகிழ்ச்சிக்குரியது. கிண்டிக் கல்லூரியில் அ. லலிதா என்னும் மங்கை 1940-இல் சேர்ந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்றவர் அவர். மின்பொறியியற் பிரிவில் பயின்று தேறிய அவர், செயற்பயிற்சியின்பொருட்டுச் சென்ற இடம் முன்னே கூறிய ஜமால்பூர்ப் பட்டறையே. விதவையின் வாழ்வு வீட்டு மூலையில்தான் என்று இருந்த காலத்தில், ஓராண்டு அவர் இயந்திர ஒலியினிடையே பயிற்சி பெற்றார்.

விடுதலைக்குப் பின்

1945-இல் நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் அமைந்த குழு, நாட்டின் நாற்றிசையிலும் உயர் தொழில்நுட்பக் கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவற்றுள் முதலாவது 1951-இல் கரக்பூரில், ஹிஜ்லிச் சிறைமுகாம்க் கட்டடத்தில் தொடங்கியது. 1931-இல் அரசியற் கைதிகள் இருவரைத் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி கொடுத்த கட்டடம் அது! அடைத்து வைத்த சுவரே அறிவு வழங்கும் கூடமாயிற்று. பம்பாய், சென்னை, கான்பூர், டில்லி ஆகிய நகரங்களின் கழகங்கள் 1958 முதல் 1961 வரை அடுத்தடுத்து எழுந்தன. 1959 முதல் அமைந்த வட்டாரப் பொறியியற் கல்லூரிகளில் பாதி இடங்கள் பிற மாநில மாணவர்க்கென ஒதுக்கப்பட்டன.

தமிழகத்தில் கோயம்புத்தூர் தனிச் சிறப்புடையது. பள்ளிப் படிப்பு மிகாத ஜி. டி. நாயுடு, 1945-இல் அங்கே தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரிக்குத் துணைநின்று தலைவராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பு வீண் காலப்போக்கு, இரண்டாண்டு போதும் என்று வாதிட்டு, அரசு இணங்காமையால் விலகினார். 1951-இல் எழுந்த பி.எஸ்.ஜி. கல்லூரி வேறொரு விடை தந்தது. பொருள் ஆக்கும் தொழிற்சாலையின் அருகிலேயே வகுப்பறையை வைத்தது. அதன் முதல் தலைவர் ஜி. ஆர். தாமோதரன், ‘கலைக்கதிர்’ இதழின் வாயிலாக அறிவியலைத் தமிழில் பரப்பியவருமாவார்.

அக்காலத்தே பிலாயிலும் ரூர்கேலாவிலும் துர்காபூரிலும் இரும்பாலைகள் எழுந்தன. 1959-இல் அவற்றின் உலைகள் எரியத் தொடங்கின. பட்டம் பெற்ற தமிழ் இளைஞர் பலர் பெட்டி படுக்கையுடன் அவ்வூர்களுக்குப் புறப்பட்டனர். குடியிருப்புகள் எழுந்தன, அங்கே தமிழ்ச் சங்கங்களும் மலர்ந்தன. வெளிமாநிலக் காலனி வாழ்வுக்கும் பட்டறைக் கல்விக்கும் உள்ள உறவு இத்தகையது.

இன்றைய கடமை

இன்று கணினித் துறையின்பால் இளைஞர் உள்ளம் பெரிதும் செல்கிறது. கடைசல் எந்திரமும் கணினியின் ஆணைக்கு இயங்குகிறது. அரம் தேய்ப்பது எதற்கு என்று பிள்ளைகள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், பொருளின் இயல்பை அறியாமல் ஆணை எழுதுபவன், முற்காலத்தில் தொழிலைத் தீண்டாமல் நூல் மட்டும் கற்றவனுக்கு ஒப்பாவான். நூறாண்டு முயன்று அடைத்த பிளவு புதிய உருவில் மீண்டும் திறந்துவிடலாகாது.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலைத் தமிழிலேயே பயிலும் வாய்ப்பை அளித்தது. மேஸ்திரி பேசும் மொழியும் மாணவன் எழுதும் மொழியும் ஒன்றாவதற்கு அது ஒரு நல்ல படி. நம் காலனிப் பிள்ளைகள் எம்மொழியில் பயின்றாலும், எந்நகரில் பணி செய்தாலும், கைத்தொழிலாளியை மதிக்கும் உள்ளத்தைப் பட்டத்தோடு சேர்த்துப் பெறுவார்களாக! பட்டறையும் பட்டமும் பிரியாதிருக்கும்வரை இக்கல்வி வாழும். இதனால் நாடும் வாழும்.