பர்கூர் ஏற்றமும் கியர் பழகிய காலமும்

பவானியிலிருந்து அந்தியூருக்கு வருகிற சாலையில் வண்டியோட்டிக்கென்று விசேஷமான சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியதில்லை. வயல்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் இருமருங்கிலும் பசுமை காட்ட, டாப் கியரைப் போட்டுவிட்டு இடது காலுக்கு ஓய்வு கொடுத்து உட்கார்ந்திருந்தால் வண்டி தானே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஊரைக் கடந்து வரட்டுப்பள்ளம் அணைக்கட்டை ஒட்டி வடக்கே போகும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கிருந்து தாமரைக்கரை, பர்கூர், கர்நாடக எல்லையிலுள்ள கர்கேகண்டி என்று காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிற மலைப்பாதை, சமதரையில் தன்னைக் கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டிருந்தவனுடைய கையையும் காலையும் செவியையும் ஒருங்கே பரீட்சித்துப் பார்த்துவிடுகிறது.

மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தியூர் நடையறிந்த ஊராக இருந்தது. ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி அங்கே கூடுகிற குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் பிரசித்தமானவை. திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை வாங்கிய இடம் என்று செவிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மலைமேல் வளர்கிற பர்கூர் மாடோ செவலை மேனியில் வெள்ளைத் திட்டுகள் சிதறிய இனம். உருவத்தில் பெரிதன்றாயினும், ஓட்டநடையின் வேகத்திலும் களைக்காத உறுதியிலும் அதற்கு ஈடு குறைவென்று கால்நடை நூல்களே சொல்லுகின்றன. பல்லைப் பிடித்துப் பார்த்து வயதையும், நாலடி நடக்கவிட்டுப் பார்த்துக் குணத்தையும் மதிப்பிடுகிற ஜனங்களிடையே மோட்டார் வண்டி வந்து சேர்ந்தபோது, அதன் பல்லையும் நடையையும் அறிந்துகொள்வதற்கு ஒரு தலைமுறை பிடித்தது.

கொங்கு நாட்டின் பஸ் சரித்திரம் என்றால் ஜி. டி. நாயுடுவிடமிருந்து தொடங்குவதே வழக்கம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தமது முதல் பஸ்ஸை விட்டு, அதைத் தாமே ஓட்டியும் வந்த அவர், காலக்கிரமத்தில் யு.எம்.எஸ். என்ற பெரிய ஸ்தாபனத்தை உருவாக்கினார். 1931-இல் பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலை பஸ் கம்பெனி பிறந்தது. முதலாளிகளின் கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. அந்த வண்டிகளின் கியரோடு தினந்தோறும் மல்லுக்கு நின்ற டிரைவர்களின் கதையைத்தான் எழுதுவார் இல்லை.

அக்காலத்துக் கியர்ப் பெட்டி எப்படிப்பட்டதென்று தெரிந்தால்தான் அவர்கள் பட்ட பாடு விளங்கும். பிரான்ஸ் தேசத்தில் பன்ஹார்ட், லெவஸ்ஸார் என்ற இருவரின் கம்பெனி 1891 வாக்கில் வகுத்த முறையே சில்லறை மாறுதல்களுடன் உலகமெங்கும் வழங்கி வந்தது. ஒரு தண்டில் பல அளவான பற்சக்கரங்கள். அவற்றை நகர்த்தி மற்றொரு தண்டிலுள்ள பற்சக்கரத்தோடு கோத்துவிடுவது டிரைவரின் கைவேலை. என்ஜினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்கு விடாமல் கணநேரம் பிரித்து வைப்பது கிளட்சின் வேலை. கிளட்சை மிதித்த மாத்திரத்தில் பற்சக்கரங்கள் நின்றுவிடுவதில்லை என்பதே இதிலுள்ள சங்கடம். ஒன்று என்ஜின் கொடுத்த வேகத்திலும் மற்றொன்று சாலைச் சக்கரம் கொடுத்த வேகத்திலும் சுழன்றுகொண்டிருக்க, இரண்டையும் அப்படியே சேர்க்கப் போனால், நடையொவ்வாத இரு காளைகளை ஒரே நுகத்தில் பூட்டிய கதையாகி, பல்லோடு பல் அரைபட்டுக் கர்ரென்று ஓலமிடும். சாலையோரத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸிலிருக்கும் பிரயாணிகள் டிரைவரைப் பார்ப்பார்கள்.

இதற்கு ஏற்பட்ட உபாயந்தான் ‘டபுள் கிளட்ச்’. மேட்டில் வண்டி திணறத் தொடங்கியதும் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தி உள்ளேயிருக்கும் தண்டின் வேகத்தை ஏற்றி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரில் தள்ள வேண்டும். எழுதும்போது நீளமாகத் தெரிகிற இந்தக் காரியம் முழுவதும் ஒரு மூச்சுவிடும் நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். தாமதித்தால் ஏற்றத்தில் வண்டியின் வேகம் செத்து, சேர்க்க நினைத்த கியரும் சேராமல், பஸ் பின்னோக்கி உருளத் தொடங்கிவிடும். எவ்வளவு அழுத்துவது, எந்தக் கணத்தில் தள்ளுவது என்பதையெல்லாம் காட்டுகிற கருவி ஒன்றும் வண்டியில் கிடையாது. என்ஜினின் ஓசைதான் அளவுகோல். நல்ல டிரைவர் என்று அந்நாளில் பெயரெடுத்தவர்கள் கையைவிடக் காதினால் வண்டி ஓட்டியவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

கிளட்சும் அப்போது சாதுவாக இருக்கவில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் அது தோல் போர்த்திய ஒரு கூம்பு. என்ஜினின் சக்கரத்திலுள்ள குழிவுக்குள் போய் இறுகிக்கொள்ளும். தோல் காய்ந்துவிட்டால் வெடுக்கென்று பிடித்து வண்டி துள்ளும். எண்ணெய் அதிகமாகிவிட்டால் வழுக்கி, என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காய்ந்தால் எண்ணெயும் வழுக்கினால் களிமண் பொடியும் போடுவது அன்றைய வைத்தியம். அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி 1908-இல் வெளியிட்டு நம் நாட்டிலும் பரவலாக ஓடிய ‘மாடல் டி’ காரில் மாத்திரம் இந்தப் பல் சேர்க்கும் தொல்லை இருக்கவில்லை. முன்னே போவதற்கு இரண்டே கியர், அவையும் காலால் மிதித்து மாற்றுபவை. ஆனால் அதற்கு வேறொரு வினோதமான தொந்தரவு. பெட்ரோல் தொட்டி ஆசனத்தின் அடியிலிருந்து தாழ்வாட்டத்தால் மட்டுமே என்ஜினுக்கு எண்ணெய் அனுப்பியபடியால், செங்குத்தான மேட்டில் எண்ணெய் எட்டாமல் போய்விடும். காரைத் திருப்பி நிறுத்தி ரிவர்ஸ் கியரில் பின்புறமாக மலையேற்றுவதே அதற்குப் பரிகாரமாக இருந்தது.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் ஏது? கிளீனராகச் சேர்ந்து, டிரைவரின் பக்கத்தில் வருஷக்கணக்கில் இருந்து, அவருடைய காலையும் கையையும் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ள வேண்டும். வண்டி கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது, மூட்டை ஏற்றுவது இவற்றோடு, மலைப்பாதையில் கிளீனருக்கு உயிர்காக்கும் பொறுப்பு ஒன்றும் இருந்தது. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால், கையில் தயாராக வைத்திருக்கும் மரக்கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்தின் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை நம்புவதைவிடக் கட்டையை நம்பினவர்களே அதிகம். டிரைவர் புறப்பட்ட பிறகு கட்டையை உருவிக்கொண்டு ஓடி வந்து படியில் தொற்றிக்கொள்வது அவன் பாடு. பிற்காலத்தில் சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் பேர் பெற்றபோது, அந்த லாரிகளை ஓட்டியவர்களில் மிகப் பலர் இவ்வாறு கட்டை போட்டே ஸ்டியரிங்குக்கு வந்தவர்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிடவே, பஸ்ஸின் பின்னால் அடுப்புப் போன்ற ஒரு கொப்பரையைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து அதன் வாயுவைக் கொண்டு என்ஜினை ஓட்டினார்கள். கரி பஸ் என்று வயோதிகர்கள் சொல்லுவது அதைத்தான். பெட்ரோலில் கிடைத்த இழுவை கரிவாயுவில் கிடைக்கவில்லையாகையால், முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இரண்டாவது கியரும், இரண்டாவதில் ஏறிய மேட்டுக்கு முதல் கியரும் தேவைப்பட்டன. அதற்கும் மசியாத இடத்தில் பிரயாணிகள் இறங்கி நடந்தார்கள், அல்லது தள்ளினார்கள். கியர் மாற்றுவதில் அக்காலத்து டிரைவர்களுக்குக் கிடைத்த அப்பியாசம் வேறெப்போதும் யாருக்கும் கிடைத்திராது.

பல் சேர்க்கும் தொல்லைக்கு நிவாரணம் ஏற்கெனவே அமெரிக்காவில் தோன்றிவிட்டது. ஏர்ல் தாம்ஸன் என்பவர் கண்டுபிடித்து, 1928-இல் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்த ‘ஸிங்க்ரோமெஷ்’ என்ற அமைப்பில், பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன்பாக ஒரு சிறு கூம்பும் வளையமும் ஒன்றோடொன்று உராய்ந்து இரு பக்கத்து வேகத்தையும் சமமாக்கிவிடுகின்றன. டிரைவரின் காது செய்துவந்த வேலையைப் பித்தளை வளையம் ஒன்று ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம். ஆயினும் நம் பக்கத்து லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இந்தச் சௌகரியம் வந்து சேர வெகுகாலமாயிற்று. என்ஜின் பெட்டியின் வெக்கையில் வியர்த்துக்கொண்டு, பிரம்புபோல ஆடுகிற நீண்ட கியர்த் தண்டைப் பிடித்து இரண்டு தரம் கிளட்ச் மிதித்த டிரைவர்களை, இன்று நடுவயதைக் கடந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

கார்களின் விஷயம் வேறு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்த அம்பாசிடரில் மேல் மூன்று கியர்களுக்கு ஸிங்க்ரோமெஷ் இருந்தது; முதல் கியருக்கு இல்லை. ஆகையால் வண்டி முற்றிலும் நிற்பதற்கு முன் முதல் கியருக்குப் போனால் பழைய ஓலம் கேட்கும். கியர்க் கம்போ ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருந்தது. முன் ஆசனத்தில் மூன்று பேர் நெருக்கி உட்கார அது வசதிதான்; ஆனால் கையிலிருந்து கியர்ப் பெட்டி வரைக்கும் பல தண்டுகளும் மூட்டுகளும் கடந்து போகவேண்டியிருந்தபடியால், மூட்டுகள் தேய்ந்த வண்டியில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே கியர் சிக்கிக்கொண்டு அசைய மறுக்கும். அப்போது டிரைவர் பதற்றமில்லாமல் இறங்கிப் பானட்டைத் தூக்கி, ஸ்டியரிங் கம்பத்தின் அடியிலுள்ள இரண்டு சிறு நெம்புகோல்களையும் கையால் நேராக்கி, வேட்டியிலோ சாக்குத் துணியிலோ விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து உட்காருவார். கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் இந்தக் காட்சியைக் காணாத குடும்பம் கொங்கு நாட்டில் குறைவு. 1983-இல் மாருதி வந்தபின் தரையிலிருந்து எழும் சிறிய கியரும் லேசான கிளட்சும் வழக்கமாகிவிட்டன.

ஓலம் அடங்கியதால் பிழையும் அடங்கிவிட்டதாக எண்ணுவதற்கில்லை. பற்சக்கரத்திலிருந்து பிழை கிளட்ச் பிளேட்டுக்குக் குடிபெயர்ந்தது என்பதே என்னுடைய அபிப்பிராயம். பழைய டிரைவர் தவறு செய்தால் ஊருக்கே கேட்டது. அதனால் சீக்கிரம் திருந்தினார். இன்று காலைக் கிளட்சின்மேல் சார்த்தி வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர் செய்கிற தவறு யார் காதிலும் விழுவதில்லை. மலை வளைவில் முன்னே ஒரு லாரி நின்றுவிட்டால், பிரேக்கைப் பிடித்து நிற்பதற்குப் பதிலாகப் பாதி மிதித்த கிளட்சிலும் பாதி அழுத்திய ஆக்ஸிலேட்டரிலுமாக வண்டியை அந்தரத்தில் தொங்கவிடுகிறார்கள். என்ஜின் ஒரு வேகத்தில் சுழல, பிளேட் அசையாமல் நிற்க, இரண்டும் உராய்கிற சூடு முழுவதையும் அந்த மெல்லிய பிளேட்டே ஏற்கிறது. சிறிது நேரத்தில் கருகல் நாற்றம் வரும். பலர் அதை முன்னால் நிற்கிற லாரியின் நாற்றம் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

மலையடிவாரத்து ஒர்க் ஷாப் ஒன்றில் அப்படிப்பட்ட வண்டியின் கியர்ப் பெட்டியை இறக்குவதை நின்று பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்த பிளேட்டில் உராய்வுப் பட்டை ரிவெட்டுத் தலை வரைக்கும் தேய்ந்து, எஞ்சியது கருகிக் கண்ணாடிபோல் பளபளத்தது. ரிவெட்டுகள் பட்டு ஃப்ளைவீலில் வட்டவட்டமாகக் கோடு விழுந்திருந்தது. பிரஷர் பிளேட் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. வண்டிக்காரர் கம்பெனியையும் உதிரிபாகத்தின் தரத்தையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வயதான மெக்கானிக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிளேட்டு நல்ல பிளேட்டுதானுங்க. காலு வெக்கறதுக்குப் பக்கத்துல எடம் இருக்குதுங்களே, அங்க வெச்சுக்கோங்க” என்றார்.

சட்டத்தை வகுத்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்தே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, லைசென்ஸ் கேட்டு வருகிறவர் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி உருளவிடாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்றும், இறக்கத்தில் விரைவாகக் கீழ்க் கியருக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் சாலை விதிகளில் உள்ளதுதான். இறங்குகிறவனுக்கு நின்று கிளம்புவது எளிது, ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு தடவை நின்று கிளம்புவதும் கிளட்சுக்கு ஒரு பாரம் என்ற நியாயமும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் பரீட்சை வைக்கிற மைதானங்கள் பெரும்பாலும் சமதரையாக இருப்பதால், பலர் தம் வாழ்நாளின் முதல் ஏற்றத்தைப் பர்கூரிலோ, பண்ணாரிக்கு மேலே இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பத்திலோதான் சந்திக்கிறார்கள்.

இறக்கம் இன்னும் பொல்லாதது. ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். என்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிட்டவர்கள் அன்றும் உண்டு. அதன் பலனை அனுபவித்தவர்களும் உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிப் பாதையில் இன்னின்ன கியரில்தான் இறங்க வேண்டும் என்று பலகை வைத்தும் விபத்துகள் நிற்கவில்லை. 2018-இல் நேர்ந்த ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை விதித்தார்கள்.

இப்போது கிளட்ச் மிதியே இல்லாத கார்கள் பெருகி வருகின்றன. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. என்ற முறையில், பழைய கியர்ப் பெட்டியும் பழைய கிளட்ச் பிளேட்டும் அப்படியே இருக்கின்றன. காலுக்குப் பதிலாக மோட்டாரும் மின்னணு மூளையும் அவற்றை இயக்குகின்றன. மிதி இல்லாததால் கிளட்சே இல்லை என்று நம்பி, ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்துகிறவர்களுக்கும் அதே கருகல் நாற்றந்தான் வருகிறது. ‘எம்’ என்று எழுதியிருக்கும் பக்கம் கம்பைத் தள்ளினால் கியரை நாமே குறைத்துக்கொண்டு இறங்கலாம் என்பது வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பெரும்பாலும் டாஷ்போர்டுக்குள்ளே உறை பிரியாமல் கிடக்கிறது.