முதியவரைக் கவனிக்க எத்தனை நிமிடம்?

பி.காம். படிப்பதாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் கணக்குத்தான் ஞாபகம் வருகிறது. வயதானவர் ஒருவரை வீட்டில் கவனிக்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கும் கணக்குப் போட்ட அரசாங்கங்கள் உண்டு.

ஜெர்மனியில் 1995-ல் பராமரிப்புக் காப்பீடு வந்தது. ஆய்வாளர் வீட்டுக்கே வந்து நிமிடம் நிமிடமாக எழுதுவார். தலை வார 1 முதல் 3 நிமிடம், உடம்பு முழுக்கக் கழுவி விட 20 முதல் 25 நிமிடம் என்று வழிகாட்டி அளவுகூட இருந்தது! நாளுக்கு 90 நிமிடமாவது தேறினால் முதல் நிலை. 3 மணி நேரம் என்றால் இரண்டாவது, 5 மணி நேரம் என்றால் மூன்றாவது. இதில் சிக்கிக்கொண்டவர்கள் மறதி நோய்க்காரர்கள். கை கால் நன்றாக இருக்கும், ஆனால் தனியாக விட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் கணக்கில் சரியாக ஏறவில்லை. கடைசியில் 2017-ல் நிமிடக் கணக்கையே விட்டுவிட்டு, தானாக எவ்வளவு செய்துகொள்ள முடிகிறது என்று பார்த்து 5 படிகளாகப் பிரித்தார்கள்.

நம் ஊர்க் கதை வேறு. 1962 ஏப்ரல் 1 முதல், காமராஜர் ஆட்சியில், முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாய். இங்கே கேட்ட கேள்வி "எவ்வளவு நேரம் வேண்டும்?" என்பதல்ல, "காப்பாற்ற யாராவது இருக்கிறார்களா?" என்பது. மத்திய அரசின் திட்டம் 1995-ல் 75 ரூபாயுடன் வந்தது. தமிழகத்தில் தொகை 2011-ல் 1,000, 2023-ல் 1,200 என்று ஏறியது. 2007-ல் வந்த சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண சிகிச்சையும் கொண்டு வந்தது. நல்ல விஷயம். ஆனால் அவர்கள் வந்து போன பிறகு மீதி நேரம்?

சோமனூர் பக்கம் எங்கள் அம்மிச்சி இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, அம்மா தறிக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் சும்மா நோட்டில் எழுதிப் பார்த்தேன். குளிப்பாட்ட, சோறு ஊட்ட, திருப்பிப் படுக்க வைக்க, துணி அலச... 4 மணி நேரத்தைத் தாண்டியது. பழைய ஜெர்மன் கணக்கில் இரண்டாவது நிலை. நம் கணக்கில் பூஜ்யம். மகள் இருக்கிறாளே!

நோட்டை அம்மாவிடம் காட்டினேன். "ராத்திரி முழிச்சிருந்தத எழுதுலயா சாமி?" என்றார்.

எழுதவில்லை. ஜெர்மன்காரர்கள் செய்த அதே தப்பு.