பெண்களுக்கு முழங்கால் தசைநார்க் காயம் மிகுதியாக ஏற்படுவது ஏன்?

தாவித் தரையிறங்கும்போதோ, ஓட்டத்தில் சட்டெனத் திசை மாறும்போதோ முழங்காலுக்குள் ‘டக்’கென்று ஓர் ஓசை, ஓரிரு மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகிறது. முன் சிலுவைத் தசைநார் கிழிந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விவரிக்கின்றனர். விளையாட்டுத் துறையினர் இதனை ‘ஏ.சி.எல்.’ என்றும், பொதுமக்கள் ‘ஜவ்வு’ என்றும் அழைப்பர். மூட்டிலுள்ள பிறைவடிவக் குருத்தெலும்பும் ஜவ்வு என்றே சொல்லப்படுவதால், கிழிந்தது எது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், மூட்டு அளவுக்கு மீறித் திருகாமலும் காப்பது இத்தசைநாரின் பணி. இக்காயங்களில் பெரும்பாலானவை எவரும் நேரடியாக முழங்காலில் மோதாமலேயே ஏற்படுகின்றன.

கால்பந்து, கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு மிகுதியாக ஏற்படுகிறது. 2023ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடமா ஆகியோர் பங்கேற்க இயலாமற்போனது இக்காயத்தாலேயே.

காரணங்கள்

பூப்பெய்தும் பருவம் வரை சிறுவர், சிறுமியரிடையே பெரிய வேறுபாடு இல்லை. அதன் பின்னரே இடைவெளி விரிகிறது. பெண்களின் தசைநார் சராசரியாகச் சிறியது. அது அமைந்துள்ள எலும்புப் பள்ளமும் குறுகலானது. மாதவிடாய்ச் சுழற்சியின் இயக்குநீர் மாற்றங்களுக்கும் பங்கு இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. ஆயினும் சான்றுகள் உறுதியாக இல்லை. மாதவிடாய் நாட்களில் விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை.

இவற்றைவிட முதன்மையாகக் கவனிக்கத்தக்கது தரையிறங்கும் முறை. வளரிளம் பருவத்தில் எலும்புகள் வேகமாக நீள்கின்றன. ஆண்களுக்குத் தசை வலுவும் அதற்கேற்பக் கூடுகிறது, பெண்களுக்கு அந்த அளவிற்குக் கூடுவதில்லை. இதனால் பல பெண்கள் முழங்காலைப் போதிய அளவு மடக்காமல், முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகச் சாயும் நிலையில் தரையிறங்குகின்றனர். முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. அதனைப் பின்னிழுத்துத் தசைநாருக்குத் துணைநிற்க வேண்டிய பின்தொடைத் தசை ஒப்பீட்டளவில் வலுக்குறைந்து இருக்கிறது. சிறுமியருக்குத் தசைவலுப் பயிற்சி காலம் தாழ்ந்தே கிடைப்பதையும், பல இடங்களில் கிடைக்காமலேயே போவதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இதனை உடலமைப்பின் குறை என்று கூற இயலாது.

தடுக்க இயலுமா?

பெருமளவு இயலும். சுவீடனில் 12 முதல் 17 வயது வரையிலான 4,500க்கும் மேற்பட்ட கால்பந்து வீராங்கனைகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை 15 நிமிடப் பயிற்சி மேற்கொண்ட அணிகளில் இக்காயம் 64 விழுக்காடு குறைந்தது. ஒற்றைக் காலில் சமநிலை, அரை அமர்வு, இடுப்புத் தூக்கல், வயிற்றுத் தசைப் பயிற்சி, முன்காலடி வைத்து அமர்தல், குதித்து மெதுவாகத் தரையிறங்குதல் ஆகியவையே அப்பயிற்சி. கருவிகள் எவையும் தேவையில்லை. பயிற்றுநர் முன்னே நின்று, முழங்கால் பாதவிரல்களுக்கு நேராக உள்ளதா எனப் பார்த்துத் திருத்துவது மட்டும் இன்றியமையாதது. உங்கள் மகள் கபடியோ கைப்பந்தோ ஆடுகிறார் எனில், உடற்கல்வி ஆசிரியரிடம் இது குறித்துக் கேளுங்கள். காயத்திற்கு அஞ்சி விளையாட்டிலிருந்து அவரை விலக்கிவிடாதீர்கள்.

காயம் ஏற்பட்டால்

ஆட்டத்தைத் தொடரக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். சுளுக்கு எனக் கருதி எண்ணெயிட்டு உருவுவதும், இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். எக்ஸ்ரே இயல்பாக உள்ளது என்பதால் மட்டும் நிறைவடைந்துவிடாதீர்கள். அதில் தசைநார் தெரியாது. எலும்பியல் மருத்துவர் கையால் மூட்டை அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டறிவார், எம்.ஆர்.ஐ. அதனை உறுதிசெய்யும். சில வாரங்களில் வலியும் வீக்கமும் தணிந்து நடக்க முடிவதால் பலர் மருத்துவரிடம் வருவதேயில்லை. தளர்ந்த மூட்டில் மீண்டும் விளையாடி, குருத்தெலும்பும் கிழிந்த பின்னரே வருகின்றனர்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. செய்துகொண்டவர்கள் குறைந்தது 9 மாதங்கள் கழித்து, இரு கால்களின் வலுவும் ஏறத்தாழச் சமமாக உள்ளதை இயன்முறை மருத்துவர் சோதித்த பின்னரே களமிறங்க வேண்டும். இளம் வயதினருக்கு அதே முழங்காலிலோ மற்றொன்றிலோ மீண்டும் கிழியும் வாய்ப்பு மிகுதி என்பதால், மேற்கூறிய பயிற்சிகளை விளையாடும் காலம் முழுவதும் அவர்கள் தொடர வேண்டும்.